குறிச்சொல் வசதியைச் சேர்க்கும்போது வரும் பிழைகள்: ஜாங்கோவில் தமிழ்ச் செயலி கட்டுவோருக்கான வழிகாட்டி

கல்லடியில் சனிக்கிழமைகளில் நான் நடத்தும் சிறிய நிரலாக்க வகுப்பில், மாணவர் நால்வர் சேர்ந்து ஊர் அறிவித்தல் பலகை போன்ற ஓர் இணையச் செயலியைக் கட்டினர். ஆரையம்பதி தொடக்கம் களுவாஞ்சிகுடி வரையான பகுதியின் மீன் விலை, எருமைத் தயிர் விற்பனை, கூத்து அரங்கேற்றம், மரண அறிவித்தல் ஆகியவை அனைத்தும் ஒரே பக்கத்தில் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. பதிவுகள் பெருகியதும் அவற்றைப் பிரித்துக் காட்டக் குறிச்சொற்கள் தேவைப்பட்டன. அரைநாள் வேலை என்று தொடங்கியது மூன்று சனிக்கிழமைகளை விழுங்கியது. அங்கே சந்தித்த பிழைகளையும் அவற்றைத் தீர்த்த வழிகளையும், புதிதாக இவ்வேலையில் இறங்குவோர் பின்பற்றக்கூடிய ஒழுங்கில் இங்கே தருகிறேன்.

நாங்கள் பயன்படுத்தியது பைத்தன் மொழியில் அமைந்த ஜாங்கோ சட்டகமும், அதற்குக் குறிச்சொல் வசதியைத் தரும் டேகிட் என்ற பொதியும் ஆகும். கட்டளைகளின் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் எழுதியுள்ளேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே தட்ட வேண்டும்.

பிழைச்செய்தியைக் கீழிருந்து வாசியுங்கள்

ஜாங்கோவின் மஞ்சள் நிறப் பிழைப்பக்கத்தைக் கண்டவுடன் பலர் அதை மூடிவிட்டு நிரலை மனம்போனபடி மாற்றத் தொடங்குகின்றனர். அது தேவையற்றது. முனையத்தில் தோன்றும் நீண்ட செய்தியின் கடைசி வரியே பிழையின் பெயரையும் காரணத்தையும் சொல்லும். அதை வாசித்தபின் மேல்நோக்கிச் சென்று, நீங்கள் எழுதிய கோப்பின் பெயர் கடைசியாக எந்த இடத்தில் வருகிறதோ அந்த வரி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இடையில் வரும் ஜாங்கோவின் சொந்தக் கோப்புகளைத் திறந்து பார்க்க வேண்டிய தேவை தொடக்கத்தில் அநேகமாக ஏற்படாது.

நிறுவும்போது

பொதியை நிறுவும்போது கொடுக்கும் பெயர் ஜாங்கோ-டேகிட். அமைப்புக் கோப்பில் எழுதுவதும் நிரலில் அழைப்பதும் டேகிட் மட்டுமே. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் நீண்ட பெயரையே இரண்டு இடத்திலும் எழுதினால், அப்படியொரு தொகுதி இல்லை என்று பைத்தன் சொல்லும். பெயர் சரியாக இருந்தும் அதே செய்தி வருமானால், பொதி ஒரு பைத்தனில் நிறுவப்பட்டு, செயலி வேறொரு பைத்தனில் ஓடுகிறது என்பதே பெரும்பாலும் காரணம். மெய்நிகர் சூழலை இயக்கிவிட்டு, பொதிகளை நிறுவும் பிப் கட்டளையைத் தனியாக அழைக்காமல் பைத்தன் கட்டளையின் வழியாக அழைத்து மீண்டும் நிறுவுங்கள்.

இதைவிடக் குழப்பமான ஒன்றும் உண்டு. நிறுவிய செயலிகளின் பட்டியலில் முந்தைய பெயருக்குப் பின் கால்புள்ளி விடுபட்டால், பைத்தன் அடுத்தடுத்த இரண்டு சரங்களையும் ஒட்டி ஒரே சொல்லாக்கிவிடும். எங்கள் மாணவி ஒருவருக்கு ‘பலகைடேகிட்’ என்ற தொகுதி இல்லை என்று செய்தி வந்தது. அப்படியொரு பெயரைத் தான் எங்கும் எழுதவில்லையே என்று அவர் அரைமணி நேரம் தேடினார். நீங்கள் எழுதாத பெயர் பிழைச்செய்தியில் தோன்றினால், முதலில் கால்புள்ளியைத் தேடுங்கள். அத்துடன், உங்கள் சொந்தக் கோப்பு எதற்கும் டேகிட் என்று பெயரிடாதீர்கள். பைத்தன் பொதியை விட்டுவிட்டு உங்கள் கோப்பையே எடுத்துக்கொள்ளக்கூடும்.

அட்டவணை இல்லை என்ற செய்தி

பதிவின் புலங்களை வரையறுக்கும் மாதிரியில் டேகபிள் மேனேஜர் என்ற ஒரு வரியைச் சேர்த்தபின் பக்கத்தைத் திறந்தால், ‘டேகிட்_டேக்’ என்ற அட்டவணை இல்லை என்று தரவுத்தளம் முறையிடும். குறிச்சொற்கள் உங்கள் பதிவின் அட்டவணையில் ஒரு நெடுவரிசையாகச் சேர்வதில்லை. குறிச்சொல்லுக்கு ஓர் அட்டவணையும், எந்தப் பதிவுக்கு எந்தக் குறிச்சொல் என்ற இணைப்புக்கு இன்னோர் அட்டவணையும் தனியாக உருவாகின்றன. மைகிரேட் கட்டளையை ஓட்டினால்தான் அவை பிறக்கும். உங்கள் மாதிரியை மாற்றியதால் அதற்கு முன் மேக்மைகிரேஷன்ஸ் கட்டளையையும் ஓட்ட வேண்டும்.

ஒரே மாதிரியில் ஊருக்கு ஒன்று, பொருளுக்கு ஒன்று என இரண்டு டேகபிள் மேனேஜர்களை வைக்க முனைந்தால், இரண்டும் ஒரே இணைப்பு மாதிரியைப் பயன்படுத்த முடியாது என்று டேகிட் மறுத்துவிடும். ஒன்றுக்குத் தனியான இணைப்பு மாதிரியை எழுதிக் கொடுக்கலாம். ஆனால் ஊர்ப் பெயர்களைக் குறிச்சொல்லாக வைப்பதைவிட, தெரிவு செய்யும் தனிப் புலமாக வைப்பதே நல்லது என்பது என் கருத்து. ஊர்கள் எண்ணிக்கையில் அடங்குபவை. ‘மட்டு’, ‘மட்டுநகர்’, ‘மட்டக்களப்பு’ என்று ஆளுக்கொரு விதமாக எழுத இடம் கொடுப்பதில் பயனில்லை.

சத்தமில்லாமல் காணாமற்போகும் குறிச்சொற்கள்

இதுவரை சொன்னவை சத்தம் போடும் பிழைகள். எந்தச் செய்தியும் இல்லாமல் வேலை கெடுவதுதான் புதியவர்களைக் களைக்கச் செய்வது. படிவத்தில் குறிச்சொல்லை எழுதிச் சமர்ப்பிக்கிறீர்கள், பதிவு சேமிக்கப்படுகிறது, குறிச்சொல் மட்டும் இல்லை.

பதிவை எழுதியவரின் பெயரைச் சேர்ப்பதற்காக, படிவத்தின் சேவ் முறையை ‘கமிட்’ என்பதற்குப் பொய் என்ற மதிப்பைக் கொடுத்து அழைத்து, பெயரை இட்டபின் பதிவைத் தனியே சேமிக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. அவ்வாறு செய்யும்போது குறிச்சொற்கள் போன்ற பலவற்றுடன்-பல உறவுகள் சேமிக்கப்படுவதில்லை, ஏனெனில் அந்த வேளையில் பதிவுக்கு இலக்கமே கிடைத்திருக்காது. பதிவைச் சேமித்த அடுத்த வரியில், படிவத்தின் ‘சேவ்_எம்2எம்’ முறையை அழைக்க வேண்டும். அந்த ஒரு வரிதான் மருந்து. படிவம் இல்லாமல் நிரலிலிருந்தே குறிச்சொல் இடுவதானால், பதிவை முதலில் சேமித்துவிட்டுப் பின்னர் இடுங்கள். முந்தினால், முதன்மைச் சாவி இல்லாமல் குறிச்சொற்களை அணுக முடியாது என்ற செய்தி வரும். பல குறிச்சொற்களை ‘ஆட்’ முறைக்குக் கொடுக்கும்போது பட்டியலாகக் கொடுக்காமல் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பதையும், ‘செட்’ முறையோ புதிய பதிப்புகளில் பட்டியலையே எதிர்பார்க்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். பழைய பாடங்களைப் பார்த்து எழுதுவோர் இங்கே இடறுவது வழக்கம்.

பக்கத்தில் குறிச்சொற்களுக்குப் பதிலாக ‘டேகிட்.டேக்.நன்’ என்று அச்சாகிறதா? வார்ப்புருவில் குறிச்சொற்களின் மேலாளரை நேரடியாக எழுதிவிட்டீர்கள். அதன் பின்னே ‘ஆல்’ என்பதைச் சேர்த்து, ஒவ்வொன்றாகச் சுழற்றிக் காட்டுங்கள். ஒரே பதிவு இரண்டு தடவை தோன்றினால், அது நீங்கள் தேடிய இரண்டு குறிச்சொற்களையும் கொண்டிருக்கிறது என்று பொருள். தேடலின் முடிவில் ‘டிஸ்டிங்ட்’ சேர்த்தால் சரியாகிவிடும்.

இடைவெளி, கால்புள்ளி, பாமினி

‘எருமைத் தயிர்’ என்று எழுதினால் ‘எருமைத்’ என்றும் ‘தயிர்’ என்றும் இரண்டு குறிச்சொற்கள் உருவாகின்றன. இது பிழையன்று, டேகிட்டின் விதி. உள்ளீட்டில் கால்புள்ளியோ இரட்டை மேற்கோளோ இல்லையென்றால் அது இடைவெளியில் வெட்டும். கால்புள்ளி ஒன்றாவது இருந்தால் கால்புள்ளியில் மட்டும் வெட்டும். தமிழில் ஒற்று மிகுந்த முன்சொல் தனியே நின்றால் பார்க்கவே அவலட்சணமாக இருக்கும் என்பதால், எப்போதும் கால்புள்ளியில் மட்டும் வெட்டுகின்ற ஒரு சிறு செயற்கூற்றை எழுதி, ‘டேகிட்_டேக்ஸ்_ஃப்ரம்_ஸ்ட்ரிங்’ என்ற அமைப்பில் அதன் பாதையைக் கொடுத்துவிடுங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பதிவைத் திருத்தத் திறக்கும்போது, இடைவெளியுள்ள குறிச்சொல்லை டேகிட் இரட்டை மேற்கோளுக்குள் வைத்துப் படிவத்தில் காட்டும். உங்கள் புதிய செயற்கூற்றுக்கு மேற்கோள் தெரியாது. ஆகவே சேமித்தவுடன், மேற்கோள் குறிகளையும் பெயரின் பகுதியாகக் கொண்ட புதிய குறிச்சொல் ஒன்று பிறந்துவிடும். ‘டேகிட்_ஸ்ட்ரிங்_ஃப்ரம்_டேக்ஸ்’ என்ற எதிர்த்திசை அமைப்பையும் உடனேயே எழுதி, பெயர்களை மேற்கோள் இன்றிக் கால்புள்ளியால் மட்டும் இணைத்துக் காட்டச் செய்யுங்கள்.

அடுத்தது நம் பகுதிக்கே உரிய தொல்லை. கடைகளிலும் அலுவலகங்களிலும் இன்றும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்ட ஆவணங்கள் ஏராளம். திரையில் தமிழாகத் தெரிந்தாலும், கோப்பினுள் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளுமே. அதை வெட்டிப் படிவத்தில் ஒட்டினால் புரியாத ஆங்கிலக் கலவை சேமிக்கப்படும். மேலும், பாமினியில் ‘இ’ என்ற எழுத்து கால்புள்ளி இருக்கும் இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே ‘இலங்கை’, ‘இறால்’ என்று தொடங்குகின்ற ஒவ்வொரு சொல்லும் குறிச்சொற்களை அங்கேயே வெட்டிவிடும். படிவத்தின் சரிபார்ப்பில், தமிழ் எழுத்து ஒன்றுமே இல்லாமல் அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்தும் கலந்து வரும் உள்ளீட்டைத் தடுத்து, ‘யூனிகோட்டுக்கு மாற்றி ஒட்டுங்கள்’ என்று பயனருக்குச் சொல்வதே நாங்கள் கண்ட எளிய வழி.

தயிரும் துயரும்

இனி இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய பிழைக்கு வருகிறேன். டேகிட்டை அறிவதற்கு முன், மாணவர்கள் தாமே ஒரு குறிச்சொல் அட்டவணையை எழுதியிருந்தனர். ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் முகவரியில் இடத்தக்க சுருக்கப் பெயர் வேண்டும். அதை ஸ்லக் என்பர். ஜாங்கோவின் ‘ஸ்லகிஃபை’ என்ற செயற்கூறு அதை உருவாக்கித் தரும். அதற்குத் தமிழ்ச் சொல்லைக் கொடுத்தபோது வெறுமையே திரும்பி வந்தது, ஏனெனில் இயல்பான நிலையில் அது ஆங்கில எழுத்தல்லாத அனைத்தையும் நீக்கிவிடும். வெறுமையான ஸ்லக்கைக் கொண்டு இணைப்பை அமைக்க முடியாததால் ‘நோ ரிவர்ஸ் மேட்ச்’ என்ற பிழை வந்து, குறிச்சொல் ஒன்றுக்காக முகப்புப் பக்கம் முழுவதும் விழுந்தது.

பிறகு ‘அலவ் யூனிகோட்’ என்ற அமைப்பைக் கண்டுபிடித்துச் சேர்த்தனர். பிழைச்செய்தி மறைந்தது. மறுநாள், தயிர் என்ற குறிச்சொல்லை அழுத்தினால் தயிர் விற்பவர்களின் பட்டியலுக்கிடையே மரண அறிவித்தல்கள் வந்தன.

காரணத்தைக் கண்டறிய, பைத்தன் முனையத்தில் ‘தயிர்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டோம். நாம் எண்ணினால் மூன்று எழுத்து. பைத்தன் 5 என்றது. த, ய, இகரக் குறி, ர, புள்ளி என ஐந்தும் யூனிகோட்டில் தனித்தனிக் குறியீடுகள். ஸ்லகிஃபை செயற்கூறு, ‘எழுத்து, எண், அடிக்கோடு’ என்று பைத்தனின் ஒழுங்குமுறைத் தேடல் ஏற்றுக்கொள்பவற்றை மட்டும் வைத்துக்கொள்கிறது. உயிர்க்குறிகளும் புள்ளியும் எழுத்து என்ற வகைக்குள் வருவதில்லை; அவை சேர்குறிகள். ஆகவே அவற்றைக் களைந்துவிடுகிறது. ‘தயிர்’ என்பது ‘தயர’ ஆகிறது. மரண அறிவித்தல்களுக்கு இட்டிருந்த ‘துயர்’ என்பதும் உகரக் குறியையும் புள்ளியையும் இழந்து ‘தயர’ ஆகிறது. பாய் விற்பவரும் பேய்க்கதை சொல்பவரும் ‘பய’ என்ற ஒரே முகவரியில் சந்திப்பர். மட்டக்களப்பு ‘மடடககளபப’ ஆகிவிடும்.

டேகிட்டுக்கு மாறியபின் கலப்பு நின்றது, சிக்கல் நிற்கவில்லை. அதுவும் இதே செயற்கூற்றையே நம்புகிறது. ஆனால் அங்கே ஸ்லக் தனித்துவமானது என்பதால், இரண்டாவதாக வருவதற்கு ‘தயர_1’ என்று எண்ணை ஒட்டிவிடும். எனவே தமிழ்ச் செயலியில் _1, _2 என்று முடிகின்ற முகவரிகளைக் கண்டால் இந்த நோய்தான் என்று கொள்ளலாம்.

தீர்வு மூன்று அடிகளில் உள்ளது. முதலாவதாக, டேகிட் தரும் ‘டேக்பேஸ்’ என்ற அடிப்படை மாதிரியிலிருந்து சொந்தக் குறிச்சொல் மாதிரியை உருவாக்கி, அதன் ஸ்லகிஃபை முறையை நீங்களே எழுதுங்கள்: இடைவெளியைச் சிறுகோடாக மாற்றி, ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு ஆகியவற்றோடு, பதின்மக் கணக்கில் 2944 முதல் 3071 வரையுள்ள தமிழ்க் குறியீடுகள் அனைத்தையும் அப்படியே விட்டுவிட்டு, மற்றவற்றை நீக்க வேண்டும். அந்த முறைக்கு இரண்டாவது அளவுருவாக ஓர் எண் வரும். மோதல் நேரும்போது அதை ஒட்டுவதையும் மறக்கக்கூடாது. இரண்டாவதாக, இந்த மாதிரியோடு சேர்ந்த இணைப்பு மாதிரியை எழுதி, டேகபிள் மேனேஜருக்கு ‘த்ரூ’ என்ற பெயரில் கொடுங்கள். இதை முதல் பதிவு ஏறுவதற்கு முன்னரே செய்துவிடுவது பெரும் நிம்மதி. மூன்றாவதாக, முகவரிக் கோப்பில் ‘ஸ்லக்’ என்ற மாற்றியை ‘எஸ்டிஆர்’ என்று மாற்றுங்கள். ஸ்லக் மாற்றி ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு, அடிக்கோடு ஆகியவற்றை மட்டுமே ஏற்கும். அதை மாற்றாவிட்டால் ஸ்லக் எவ்வளவு அழகாக இருந்தாலும் இணைப்பு அமையாது.

நிர்வாகப் பக்கத்தில் தமிழ் ஸ்லக்கைக் கையால் எழுதினால் ‘செல்லுபடியான ஸ்லக் அல்ல’ என்ற மறுப்பு வரக்கூடும். ஸ்லக் புலத்தின் சரிபார்ப்பும் சேர்குறிகளை எழுத்தாக ஏற்பதில்லை என்பதே அதற்கும் காரணம். உங்கள் மாதிரியில் அந்தப் புலத்தைச் சாதாரண எழுத்துப் புலமாக, தனித்துவமானது என்ற நிபந்தனையோடு மீள அறிவித்தால் மறுப்பு நீங்கும்.

முகவரியில் தமிழ் இருக்கத்தான் வேண்டுமா என்பது வேறு கேள்வி. ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட். முகவரியாக நகலெடுக்கும்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு 3 எழுத்தாக விரியும். மட்டக்களப்பு என்பதில் 12 குறியீடுகள் உள்ளதால், வாட்ஸ்அப்பில் அது 108 எழுத்துகள் கொண்ட வாலாக நீளக்கூடும். எங்கள் மாணவர்கள் கடைசியில், குறிச்சொல்லின் இலக்கத்தை மட்டும் முகவரியில் வைத்து, தமிழ்ப் பெயரைப் பக்கத்தின் தலைப்பில் காட்டுவதென முடிவெடுத்தனர். தேடுபொறிக்காகத் தமிழ் முகவரி வேண்டுமென்று நினைப்போர் மேலே சொன்ன வழியில் செல்லட்டும். ஊருக்குள் பகிரப்படும் சிறு செயலிக்கு இலக்கமே போதும் என்பேன்.

ஒரே சொல், இரண்டு குறிச்சொல்

‘தோணி’ என்பது பட்டியலில் இரண்டு தடவை வந்து, கண்ணால் பார்த்தால் வேறுபாடே தெரியாமலிருந்தால், குறியீட்டெண்களை அச்சிட்டுப் பாருங்கள். ஓகாரக் குறி 3019 என்ற ஒற்றைக் குறியீடாகவும் வரலாம். 3015, 3006 என்ற இரண்டாகவும் வரலாம். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய சில உரைகளில் இரண்டாவது வகை கிடைக்கும். பைத்தனோடு வரும் ‘யூனிகோட்டேட்டா’ தொகுதியின் நார்மலைஸ் செயற்கூற்றுக்கு என்எஃப்சி என்ற வடிவத்தைக் கொடுத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். முன்பு எழுதிய கால்புள்ளிச் செயற்கூற்றிலேயே இதைச் சேர்த்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத 8203, 8204, 8205 ஆகிய குறியீடுகளையும் அங்கேயே களையுங்கள். ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் குறியையும் ளகரத்தையும் தட்டியிருந்தால் மட்டும் என்எஃப்சி உதவாது. அது எழுத்துப்பிழை, கையால்தான் திருத்த வேண்டும். ஆங்கிலக் குறிச்சொற்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் புறக்கணிக்க ‘டேகிட்_கேஸ்_இன்சென்சிடிவ்’ என்ற அமைப்பை உண்மை என்று வைக்கலாம்.

சேர்வரில் ஏற்றும்போது

சொந்தக் கணினியில் எஸ்கியூலைட்டில் சரியாக ஓடிய செயலி, வாடகைச் சேர்வரின் மைஎஸ்கியூஎல்லில் 1366 என்ற எண்ணோடு ‘தவறான சர மதிப்பு’ என்று விழுந்தால், அங்குள்ள அட்டவணை தமிழ் எழுத்துகளைத் தாங்காத லத்தீன்1 குறிமுறையில் இருக்கிறது. தரவுத்தளத்தின் குறிமுறையை மட்டும் மாற்றுவது போதாது. ஏற்கனவே உள்ள அட்டவணைகள் ஒவ்வொன்றையும் யூடிஎஃப்8எம்பி4 ஆக மாற்ற வேண்டும். பழைய மைஎஸ்கியூஎல்லில் சாவியின் நீளம் 767 பைட்டைத் தாண்டுகிறது என்ற பிழையும் வரலாம். இக்குறிமுறையில் ஓர் எழுத்துக்கு 4 பைட் ஒதுக்கப்படுவதால், தனித்துவமான பெயர்ப் புலத்தை 191 எழுத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

மைகிரேட் கட்டளை, இல்லாத பெற்றோர் முனை ஒன்றை டேகிட்டில் தேடுவதாகச் சொன்னால், சேர்வரில் உள்ள டேகிட் உங்கள் கணினியில் உள்ளதைவிடப் பழையது. தேவைகள் கோப்பில் பதிப்பு எண்ணையும் சேர்த்து எழுதி, இரண்டு இடத்திலும் ஒரே பதிப்பை நிறுவுங்கள்.

பழைய ஸ்லக்குகளைத் திருத்துதல்

தவறான ஸ்லக்குகளோடு செயலி ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தால், குறிச்சொற்களைத் திறந்து மீண்டும் சேமிப்பதால் பயனில்லை. டேகிட் புதிய குறிச்சொல்லுக்கு மட்டுமே ஸ்லக்கைக் கணிக்கும். முதலில் தரவுத்தளத்தின் நகலொன்றை எடுத்து வையுங்கள். பின்னர் ஒவ்வொரு பெயரின் என்எஃப்சி வடிவத்தையும் சேமிக்காமல் கணித்துப் பாருங்கள். அவ்வடிவத்தில் ஒரே பெயராகிவிடுகின்ற இரண்டில், ஒன்றின் பதிவுகளை மற்றதற்கு மாற்றிவிட்டு வெறுமையானதை அழியுங்கள். அதன்பின் மீதமுள்ளவற்றின் பெயர்களை என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றி, புதிய முறையால் ஸ்லக்கைக் கணித்து நேரடியாக எழுதுங்கள். இந்த ஒழுங்கு மாறினால் தனித்துவ நிபந்தனை குறுக்கே வந்து பாதியில் நிறுத்தும். முடிந்ததும் தயிர், துயர், பாய், பேய், தோணி, எருமைத் தயிர் ஆகிய ஆறையும் புதிய பதிவொன்றில் இட்டு, சேமித்து, திருத்தத் திறந்து, எதையும் மாற்றாமல் மீண்டும் சேமித்துப் பாருங்கள். ஆறு குறிச்சொற்களும் ஆறாகவே இருந்து, எந்த முகவரியும் _1 என்று முடியாமலிருந்தால் செயலியை ஊருக்குத் திறந்துவிடலாம்.